உய்யக்கொண்டானும் நம் ஊர்களும்

(ஜீயபுரத்தில் கூடிய நமது சங்க வருஷாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இவ்வாண்டுக் கூட்டத்தில் பேசுமாறு காரியதரிசி அவர்கள் எமக்குக் கடிதம் எழுதியபோது, 'இயற்கைச் செல்வமும் கிராம வாழ்வும்' என்று பொருளையும் குறித்திருந்தார்கள். மிகப் பெரிய தலைப்பு. மலையும் காடும் கடலும் கனிமமும் அதனுள் அடங்கும். அவ்வளவையும் எடுத்துரைக்க எமக்கு வல்லமையும் இல்லை. இருந்து கேட்க உங்களுக்குப் பொழுதும் இல்லை. ஆதலின், இவ்வூருக்கு வடக்கே ஓடும் காவிரியையும், அதினின்று பிரிந்து நம் வயல்களுக்கு வரும் உய்யக்கொண்டானையும், அவ்விரண்டுக்கும் அடியில் கிடக்கும் மணலையும் பற்றி மட்டும் பேசத் துணிகின்றோம். ஜீயபுரத்தில் பிறந்தவனுக்கு இயற்கைச் செல்வம் என்பது இம்மூன்றுதானே!

இவ்வாறு பொருளைச் சுருக்கியதற்கு வேறொரு காரணமும் உண்டு. இன்றைய நிகழ்ச்சி நிரலில், சங்கத்துக் கல்யாண மண்டபத்துக்கு மேல்மாடி கட்டுவது பற்றிய தீர்மானம் இருக்கின்றது. அத்தீர்மானம் வாக்குக்கு வருமுன் நீங்கள் ஒரு விஷயத்தைச் சிந்திக்க வேண்டும் என்பது எம் விருப்பம். மாடியை யாம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அந்த மாடியில் கல்யாணம் நடத்த வருகிறவர்கள் இவ்வூரில் நிலம் வைத்துப் பிழைக்கிறவர்களாக இருப்பார்களா, அல்லது எங்கிருந்தோ வந்து ஒருநாள் தங்கிப் போகிறவர்களாக இருப்பார்களா என்பதே எம் கேள்வி.

உய்யக்கொண்டான் பேட்டைவாய்த்தலையில் காவிரியை விட்டுப் பிரிகிறது. வாய்த்தலை என்றாலே வாய்க்காலின் தலைப்பு என்பதுதான் பொருள். ஊரே வாய்க்காலால் பெயர் பெற்றது. அங்கிருந்து பெருகமணி, திருப்பராய்த்துறை, ஜீயபுரம், முத்தரசநல்லூர் முதலிய ஊர்களுக்கு நீர் தந்து, உய்யக்கொண்டான் திருமலையை அடைந்து, திருச்சிராப்பள்ளி நகரத்தின் நடுவே புகுந்து வெளிப்பட்டு, ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தூரம் சென்று வாழவந்தான்கோட்டை ஏரியில் முடிகிறது. 30,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் இதனால் விளைகின்றது. 985 முதல் 1014 வரை அரசாண்ட முதலாம் இராஜராஜனுடைய விருதுப் பெயர்களுள் ஒன்று உய்யக்கொண்டான் என்பது. வாய்க்கால் அவன் காலத்தது என்று வழிவழியாகச் சொல்லி வருகின்றோம். ஆயிரம் ஆண்டுகளாக ஒரு வாய்க்கால் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், ஆயிரம் கோடைகளில் அதை யாரோ வெட்டிச் செப்பனிட்டிருக்கிறார்கள் என்பதே அதன் கருத்து.

இவ்வாய்க்காலை அமைத்தவர்களுடைய நுட்பத்தை நம் பிள்ளைகள் ஒருமுறையேனும் நடந்து பார்த்து அறிய வேண்டும். ஆறு கிழக்கே செல்லச் செல்லத் தாழ்ந்துகொண்டே போகும். வாய்க்காலும் தாழத்தான் வேண்டும். தாழாவிட்டால் நீர் ஓடாது. ஆனால், ஆற்றைக் காட்டிலும் குறைந்த சரிவில் வாய்க்காலை நடத்திச் சென்றால், போகப் போக அது ஆற்றுமட்டத்துக்கு மேலே உயர்ந்து நிற்கும். அப்பொழுது ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் இடைப்பட்ட நிலம் முழுவதும் ஏற்றமும் கவலையும் இன்றித் தானே பாய்ந்துவிடும். இவ்வளவுதான் சூத்திரம். ஆயினும், தெற்கேயிருந்து கோரையாறும் குடமுருட்டியும் குறுக்கே வந்து விழுகின்றன. மழைக்காலத்தில் அவற்றின் வெள்ளத்துக்கு வழிவிட வேண்டும். வாய்க்காலின் மட்டத்தையும் காக்க வேண்டும். நவீனக் கருவிகள் இல்லாத காலத்தில் நீரையே மட்டக்கோலாகக் கொண்டு இதனைச் செய்து முடித்தவர்களுடைய கணக்கு எத்தகையதாயிருந்திருக்கும்!

நல்ல ஆண்டுகளில் பத்து மாதத்துக்குக் குறையாமல் நீர் வந்தமையால்தான், நம் ஊர்களில் நெல்லோடு வாழையும் வெற்றிலையும் நிலைத்தன. நெல்லுக்கு நான்கு மாதம் நீர் இருந்தால் போதும். வாழை ஓராண்டுப் பயிர். நடுவே ஒரு மாதம் காய்ந்தால் தார் சிறுத்துவிடும். கொடிக்காலோ அதனினும் மென்மை; அகத்தி நிழலில் நாள்தோறும் ஈரம் பார்த்து வளர்க்க வேண்டியது. பூவனும் ரஸ்தாளியும் வெற்றிலைக் கவுளியும் இப்பக்கத்திலிருந்து வண்டியிலும் ரயிலிலும் ஏறிப் போனதற்கு மண்வளம் ஒரு காரணம். இடையறாத வாய்க்கால் நீர் அதனினும் பெரிய காரணம். 1993இல் ஏற்படுத்தப்பெற்ற தேசிய வாழை ஆராய்ச்சி மையம் நமக்குப் பக்கத்தில் தாயனூர் எல்லையில் இருப்பதும் பொருத்தமே.

ஸ்ரீரங்கத்து நம்பெருமாள் பங்குனித் திருநாளில் ஜீயபுரத்துக்கு எழுந்தருளுவதை நீங்கள் அறிவீர்கள். காவிரிக்குக் குளிக்கப்போன பேரனைக் காணாமல் தவித்த கிழவிக்குப் பேரனாகவே வந்து நின்று பழைய சோறு உண்ட கதை, நம் வீட்டுக் குழந்தைகள் எல்லாரும் கேட்டு வளர்ந்தது. பெரிய பெருமாளுக்கு எத்தனையோ தளிகைகள் உண்டு. இங்கே அவர் உகந்தது பழையதும் மாவடுவும். ஆற்றங்கரை ஊர் தன்னிடம் உள்ளதைக் கொடுத்தது. கதையின் தத்துவார்த்தத்தைப் பாகவதர்கள் சொல்லட்டும். பஞ்ச காலத்திலும் ஒரு கிழவி வீட்டில் பழைய சோறு இருந்த ஊர் இது என்பதே எம் மனத்தில் பதிந்த செய்தி.

அது வெறும் புகழ்ச்சி அன்று. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் சொன்ன 1876–78ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்தில், சென்னை இராஜதானியின் மானாவாரிச் சீமைகள் பட்ட அழிவைக் காவிரிப் பாய்ச்சல் ஊர்கள் படவில்லை. விலையேற்றம் இங்கும் இருந்தது, கஷ்டம் இருந்தது, ஆனால் ஊர்கள் காலியாகவில்லை. ஏன் என்று கேட்டால், "காவிரி இருந்தது" என்று உடனே விடை சொல்லிவிடுவோம். அந்த விடை பாதிதான் சரி. ஆறு ஓடினாலும், ஆற்று நீரை வாய்க்காலுக்குள் திருப்புவதற்கும், திருப்பிய நீரைப் பங்கிடுவதற்கும் ஊரில் ஓர் ஒழுங்கு இருந்தது. அவ்வொழுங்கு இல்லாதிருந்தால் காவிரி நம்மைப் பார்த்துக்கொண்டே கடலுக்குப் போயிருக்கும்.

அவ்வொழுங்கு யாது? முதலாவது கொறம்பு. இளைஞர்களில் பலர் இச்சொல்லையே கேட்டிருக்க மாட்டார்கள். ஆற்றில் நீர் குறையும்பொழுது வாய்க்கால் தலைப்புக்கு எதிரே முளையடித்து, மூங்கிலும் நாணலும் வைக்கோலும் வைத்துப் பின்னி, மணலை அணைத்து, நீரை ஒதுக்கி உள்ளே விடும் தற்காலிக அணைக்கு அது பெயர். வெள்ளம் வந்தால் தானே அடித்துக்கொண்டு போய்விடும். போக வேண்டியதும் அதுவே. நிலையான சுவர் கட்டினால் ஆறு கரையை அறுக்கும். கொறம்பு ஆற்றோடு சண்டையிடுவதில்லை. ஆண்டுதோறும் புதிதாகப் போட வேண்டியிருந்தமையால், ஆண்டுதோறும் பல ஊரார் ஓரிடத்தில் கூடவேண்டியிருந்தது. அக்கூட்டத்திலேயே முறையும் பேசப்பட்டது, வழக்கும் தீர்க்கப்பட்டது.

இரண்டாவது முறைத் தண்ணீர். நீர் நிறைந்த காலத்தில் முறை தேவையில்லை. குறைந்தால், எந்த மடை எத்தனை நாழிகை திறந்திருக்கும், தலைமடைக்காரர் எப்பொழுது அடைக்க வேண்டும், கடைமடைக்கு எப்பொழுது போய்ச் சேரும் என்பதெல்லாம் நீராணிக்கம் பார்ப்பவருடைய வாக்கு. அவருக்கு நிலம் இருக்காது. ஆகையால் எந்தப் பக்கமும் சாயவேண்டிய அவசியம் இல்லை. அறுவடையில் களத்துமேட்டில் அவருக்கு நெல் அளக்கப்பட்டது. கடைமடை காய்ந்தால் அளவை குறையும் என்பதால், கடைமடையின் நலம் அவருடைய நலமாயிற்று. எவ்வளவு எளிய ஏற்பாடு! மூன்றாவது, ஆண்டுக்கொருமுறை கோடையில் தூர் வாருதல். அதற்குக் குடிமராமத்து என்று பெயர்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, 'அந்தப் பொற்காலம் போயிற்றே' என்று பெருமூச்சு விட்டு அமர்வது மேடைகளில் வழக்கம். யாம் அவ்வாறு செய்யப்போவதில்லை. அக்குடிமராமத்தில் மண்வெட்டி பிடித்தவர் யார்? நிலம் நம்முடையதாயிருந்தது, முதுகு பெரும்பாலும் சேரியாருடையதாயிருந்தது. சோழர் கல்வெட்டுக்களில் 'வெட்டி' என்ற சொல் ஊருக்குச் செய்ய வேண்டிய உழைப்புக் கடமையைக் குறிக்கின்றது. இன்று நாம் பயனற்ற வேலையை 'வெட்டி வேலை' என்கிறோம். கூலியில்லாத வேலை பயனற்ற வேலையாகப் பேச்சில் மாறியதே, அவ்வுழைப்பைச் செய்தவர் அதனை எவ்வாறு எண்ணினர் என்பதைக் காட்டிவிடுகின்றது. 1858ஆம் ஆண்டில் கம்பெனி சர்க்கார் சென்னை இராஜதானிக்குக் கட்டாய வேலைச் சட்டம் ஒன்று செய்தது. கரை உடைந்தால் ஊராரைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்கலாம். வழக்கமான மராமத்துக்கு ஆள் தராதவர் அவ்வேலையின் மதிப்பைப் போல் இருமடங்கு கட்டவேண்டும் என்று அச்சட்டம் கூறிற்று. வழக்கம் தானே நடந்துகொண்டிருந்தால் சட்டம் எதற்கு? அப்பொழுதே ஒழுங்கு தளர்ந்துவிட்டது என்பதற்கு அச்சட்டமே சாட்சி.

எனவே, பழைய ஒழுங்கில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று அறிவு, மற்றொன்று அடக்குமுறை. அடக்குமுறை போனதற்கு நாம் வருந்த வேண்டியதில்லை. ஆனால் அதனோடு அறிவையும் சேர்த்துக் கைவிட்டுவிட்டோம். இன்று யாம் சொல்ல வந்தது முக்கியமாக இதுவே.

கைவிட்டது எவ்வாறு என்று சிறிது பார்ப்போம். இங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடகிளையாகிய கொள்ளிடம் தாழ்ந்தது, நேரானது. ஆகவே நீரைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டது. தென்கிளையாகிய காவிரி மணல் மேடிட்டுத் தஞ்சைக்கு நீர் குறைந்து வந்தது. 1836இல் ஆர்தர் காட்டன் துரை கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டி நீரைக் காவிரிக்குத் திருப்பினார். மணலின்மேல் கட்டடம் நிற்கும் என்ற துணிவை அவருக்குத் தந்தது நம்முடைய கல்லணை. அவர் அதை மறைக்காமல் ஒப்புக்கொண்டவர். பின்னர் 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த மேட்டூர் அணை, 93.47 டி.எம்.சி. நீரைத் தேக்கிற்று. 1924 ஜூலையில் திருச்சிராப்பள்ளியையும் தஞ்சையையும் கலக்கிய பெருவெள்ளத்தைக் கண்டவர்கள் அவ்வணையைத் தெய்வமாகவே எண்ணினார்கள். எண்ணியதில் தவறில்லை.

எனினும், நீர் எப்பொழுது வரும் என்பதை அன்றுமுதல் இலாகா சொல்லத் தொடங்கிற்று. ஊர் கேட்கத் தொடங்கிற்று. கொறம்பு போடக் கூடிய கூட்டம் நின்றது. கூட்டம் நின்றதும் முறை மறந்தது. முறை மறந்ததும் நீராணிக்கம் பார்த்தவருக்கு நெல் அளப்பானேன் என்று நிறுத்தினோம். அவர் பிள்ளைகள் நகரத்துக்குப் போய் வேறு வேலை தேடிக்கொண்டார்கள், நன்றாகவே இருக்கிறார்கள். மடைகளின் பெயர்கள் மட்டும் இங்கே அநாதையாக நிற்கின்றன.

இனி மணலைப் பற்றி. இது சற்று நீளும், பொறுத்தருள வேண்டும்.

மணல் என்றால் ஆற்றில் வீணாகக் கிடப்பது என்று நெடுநாள் எண்ணியிருந்தோம். ஒரு கன அடி மணலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம். அவ்வெற்றிடத்தில்தான் நீர் தங்குகிறது. லாரிக் கணக்கில் ஒரு யூனிட் என்பது 100 கன அடி. அதற்குள் சுமார் 33 கன அடி, அதாவது 900 லிட்டருக்கு மேல் நீர் கொள்ளும். மூன்று யூனிட் ஏற்றிய லாரி ஒன்று கரையேறினால், 2,800 லிட்டர் நீர் கொள்ளும் பாத்திரம் ஒன்று ஆற்றைவிட்டுப் போயிற்று என்க. போனது ஒருமுறை நீர் அன்று. ஆண்டுதோறும் நிரம்பி ஆண்டுதோறும் கரையோரக் கிணறுகளுக்கு ஊறிக்கொண்டிருந்த பாத்திரம். மேட்டூர் போன்ற அணைகள் குறுக்கே வந்தபின், மேலேயிருந்து புது மணல் முன்போல் வருவதும் இல்லை. எடுத்தது எடுத்ததுதான்.

மற்றொரு கேடு வாய்க்கால் தலைப்பில் நேர்கிறது. மதகின் அடிமட்டம் கட்டிய நாளில் இருந்த ஆற்றுமட்டத்தை வைத்து அமைந்தது. மணல் போய் ஆறு சில அடி தாழ்ந்தால், மதகு அந்தரத்தில் நிற்கும், ஆற்றில் நீர் ஓடும், வாய்க்காலில் ஏறாது. முன்பு 1,000 கன அடி வந்தபோது தானே நுழைந்த நீர், இப்பொழுது அதைவிட மிகுதியாக வந்தாலன்றி நுழைவதில்லை என்று விவசாயிகள் முறையிடுவதன் காரணம் இதுவே. அப்பொழுது மணல் மூட்டைகளை அடுக்கி நீரைத் திருப்பவேண்டும். கொறம்பு திரும்ப வந்துவிட்டது, பார்த்தீர்களா! நாணலும் மூங்கிலும் போய், நெகிழிச் சாக்கு வந்திருக்கிறது. கூடியிருந்து போடுவாரைத்தான் காணோம்.

2003 முதல் தமிழ்நாட்டில் ஆற்று மணலைச் சர்க்காரே எடுத்து விற்கும் முறை ஏற்பட்டது. தனியார் கொள்ளையை நிறுத்தவே அவ்வாறு செய்யப்பட்டது. ஆயினும், அளவுக்கு மிஞ்சியும் ஆழத்துக்கு மிஞ்சியும் எடுக்கப்படுவதாக வழக்குகள் உயர்நீதிமன்றத்துக்கும் உச்சநீதிமன்றத்துக்கும் சென்றவண்ணம் இருந்தன. யாரையும் குறிப்பிட்டுக் குற்றஞ்சாட்டுவது இம்மேடையின் வேலை அன்று. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். லாரி பறந்து வந்து ஆற்றில் இறங்கவில்லை. யாரோ ஒருவருடைய பட்டா நிலத்தின் வழியாகவே இறங்கிற்று. வழிவிட்டவர்களுக்குக் கிடைத்த தொகை எவ்வளவு? அதே கரையில் கிணற்றை இன்னும் ஆழப்படுத்தச் செலவான தொகை எவ்வளவு? இக்கணக்கை ஊர்தோறும் எழுதிப் பார்த்தால், மேல்மாடித் தீர்மானத்தைவிடச் சுவாரசியமாக இருக்கும்.

2018 ஆகஸ்டு மாதத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மேட்டூர் நிறைந்து காவிரியில் வெள்ளம் வந்தது. 22ஆம் தேதி இரவு முக்கொம்பில் கொள்ளிடத்து மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. சில நாட்களுக்கு முன்னரே, 1928இல் கட்டிய கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்திருந்தன. அணை 182 ஆண்டு மூத்தது. மூப்பும் ஒரு காரணந்தான். ஆற்றின் அடி தாழ்ந்து அஸ்திவாரம் அரிபட்டதும் ஒரு காரணம் என்று பலர் எடுத்துரைத்தனர். பின்னர் அதன் கீழ்ப்புறத்தில் புதிய கதவணை எழுந்தது. இதற்குச் சற்றேறக்குறைய ஓர் ஆண்டரைக்கு முன், 2017 ஜனவரி 10ஆம் தேதி, தமிழ்நாட்டு ஜில்லாக்கள் அனைத்தும் வறட்சியால் பீடிக்கப்பட்டவையாக அறிவிக்கப்பட்டன. 2016இல் ஜூன் 12இல் திறக்க வேண்டிய மேட்டூர், செப்டம்பர் 20இல்தான் திறந்தது. வடகிழக்குப் பருவமழையும் பாதிக்குமேல் பொய்த்தது. வறட்சியும் வெள்ளமும் இரண்டு ஆண்டுக்குள் அடுத்தடுத்து வந்தன. இனியும் வரும், பருவத்தின் போக்கு மாறிவருகிறது என்று வானிலை அறிஞர் சொல்கின்றனர். அணையும் நீதிமன்றமும் நமக்காகச் செய்யக்கூடியதற்கு ஓர் எல்லை உண்டு.

நீதிமன்றம் என்றதும் நினைவு வருகின்றது. 2018 பிப்ரவரி 16இல் உச்சநீதிமன்றம் காவிரி வழக்கில் தீர்ப்பளித்தபோது, தமிழ்நாட்டின் பங்கு 192இலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைந்தது. குறைத்ததற்குக் கூறிய காரணங்களுள் ஒன்று, நம் பக்கத்தில் நிலத்தடி நீர் இருக்கிறது என்பது. அதில் 10 டி.எம்.சி. கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது. ஆக, நம் காலடியில் உள்ள நீர் தேசத்தின் வழக்கிலேயே வரவு வைக்கப்பட்டுவிட்டது. அந்நீரைத் தாங்கும் மணலோ லாரியில் போய்க்கொண்டிருந்தது. இதுவுமன்றி, இக்காவிரிப் படுகை நீர் 2009இல் தொடங்கிய கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வழியாக இராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டைச் சீமைகளுக்கும் போகின்றது. போகட்டும், தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பதில் நமக்கு வருத்தம் இருக்கலாகாது. அங்குள்ளவர்களும் இம்மணலை நம்பி இருக்கிறார்கள் என்பதையே நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

இனி, வெளிநாட்டார் செய்தி ஒன்று. 1968இல் காரட் ஹார்டின் என்ற அமெரிக்க அறிஞர், பொதுச் சொத்து எதுவும் உருப்படாது. ஒவ்வொருவனும் தன் மாட்டை ஒன்று கூடுதலாக மேயவிட்டு மேய்ச்சல் நிலத்தை அழித்துவிடுவான். ஆகவே ஒன்று தனியாருக்கு விற்றுவிட வேண்டும், அல்லது சர்க்கார் எடுத்துக்கொள்ள வேண்டும் என்னும் வாதத்தைப் பரப்பினார். அதற்கு மறுமொழியாக எலினார் ஆஸ்டிரம் என்ற அம்மையார் 1990இல் ஒரு நூல் வெளியிட்டார். சுவிட்சர்லாந்து மலையூர்கள், ஜப்பானியக் கிராமங்கள், ஸ்பெயின் தேசத்து வாய்க்கால்கள் எனப் பலவற்றை ஆராய்ந்து, பல நூற்றாண்டுகளாகப் பொதுச் சொத்தை அழியாமல் காத்தவர் பலர் உண்டு என்று காட்டினார். 2009இல் பொருளாதாரத்துக்கான நோபெல் பரிசு பெற்ற முதல் பெண்மணி அவரே.

அவர் காட்டிய ஸ்பெயின் நாட்டு உதாரணம் நமக்கு மிகவும் நெருங்கியது. வலென்சியா நகரத்தில், எட்டு வாய்க்கால்களின் விவசாயிகள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் வியாழன்தோறும் நண்பகலில் பெரிய மாதாகோயில் வாயிலில் அமர்ந்து தண்ணீர் வழக்குகளைத் தீர்க்கின்றனர். வக்கீல் இல்லை, எழுத்து இல்லை, அங்கேயே கேட்டு அங்கேயே முடிவு. யுனெஸ்கோ 2009இல் அதனை மனிதகுலப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நம் உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் 919, 921ஆம் ஆண்டுகளிலேயே ஏரி வாரியத்தைக் கூறுகின்றன. ஆகவே நாம் அவர்களிடம் கற்க ஒன்றுமில்லை என்று எழுந்து போகலாம். ஆனால் அவர்கள் இந்த வியாழக்கிழமையும் கூடுவார்கள். நாம் கல்வெட்டைப் படி எடுத்துச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம்.

இங்கே ஒரு கடினமான வார்த்தை. ஒரு கிளை வாய்க்காலின் இரு கரையிலும் நிலமுடையோர் ஒரே குலத்தார் அல்லர். நம் சங்கத்தார் மட்டும் கூடி அதைக் காக்க முடியாது, முயன்றால் அடுத்த கரையார் சந்தேகப்படுவார்கள், அச்சந்தேகம் நியாயமானதே. நிலமற்ற தொழிலாளரும் குத்தகைக்காரரும் இல்லாமல் முடிவு செய்தால், பழைய வெட்டி முறையே திரும்பியது என்பார்கள், அதுவும் நியாயமே. 2000ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் பாசன அமைப்புக்களை விவசாயிகளே நிர்வகிக்கச் சட்டம் வந்தது. 2017 முதல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே சர்க்கார் பணம் ஒதுக்கித் தூர் வாரும் திட்டமும் நடந்தது. பல இடங்களில் நல்ல வேலை நடந்தது; சில இடங்களில் காண்டிராக்டர் மராமத்தாகவே முடிந்தது. இயந்திரம் இரண்டு நாளில் வாரிவிட்டுப் போய்விடும். அடுத்த ஆண்டு அந்த மடையைப் பார்ப்பவர் யார் என்பதை இயந்திரம் சொல்லாது.

சங்கத்தின் பெயரைப் போட்டு நாம் வாய்க்காலுக்கு உரிமை கொண்டாட வேண்டாம். சங்கம் பணமும் இடமும் கொடுக்கட்டும்; முடிவு செய்யும் சபை வாய்க்கால் சபையாக இருக்கட்டும். அதில் நிலமுடையோர் பாதிக்கு மேற்படலாகாது. மண்வெட்டி பிடிப்பவருக்கு அன்றன்றே கூலி. மடை பார்ப்பவருக்கு மாதச் சம்பளம். பெண்கள் கட்டாயம் இருக்க வேண்டும். ஆண்கள் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய்விட்ட வீடுகளில், விடியற்காலையில் மடை திறக்கப் போகிறவர்கள் அவர்களே. ஆண்டுக்கொருமுறை விடுமுறையில் வருகிறவர் கூட்டத்தில் பேசுவதும், நாள்தோறும் சேற்றில் நிற்பவர் வாசற்படியில் நின்று கேட்பதும் முறையாகத் தோன்றவில்லை.

நம் ஊர் தலைமடை. இதையும் மறவாதிருக்க வேண்டும். நாம் வாய்க்காலில் போடும் குப்பையும் விடும் கழிவும் முத்தரசநல்லூரைத் தாண்டித் திருச்சிக்குள் நுழைந்து, அங்குள்ள சாக்கடையோடு சேர்ந்து வாழவந்தான்கோட்டைக்குப் போகின்றது. நகரத்தாரைக் குறைகூற நமக்கு ஆயிரம் உண்டு. ஆனால் நீர் முதலில் நம் கைக்கு வருகிறது. வாய்க்கால் புறம்போக்கில் ஓரடி ஈரடியாக நகர்ந்த வேலிகளைப் பற்றி யாம் விரித்துரைக்கவில்லை. கிராம நிர்வாக அதிகாரியிடம் புலப்படம் இருக்கிறது, அளந்தால் தெரிந்துவிடும். அளப்பதற்கு முன்பே நகர்த்திக்கொள்வது மரியாதை.

மேல்மாடிக்கு ஒதுக்கிய தொகையில் பத்தில் ஒரு பங்கை, ஆண்டுதோறும் கிளை வாய்க்கால் பராமரிப்புக்கு வைக்குமாறு ஒரு திருத்தத் தீர்மானத்தைக் காரியதரிசியிடம் கொடுத்திருக்கின்றோம். மாடி ஓராண்டு தாமதமாகும், கட்டாமல் போகாது. நம் பத்திரிகையிலும் மாதந்தோறும் இரண்டு பக்கம் மடைகளுக்கென்று ஒதுக்கப்பட வேண்டும். எந்த மடைக்கு எந்தப் பெயர், முறை எவ்வாறு இருந்தது, எந்த வெள்ளத்தில் எந்த இடம் உடைந்தது என்பவற்றை எழுபது வயதுக்கு மேற்பட்ட பெரியவர்களிடம் கேட்டுப் பிள்ளைகள் எழுதியனுப்பலாம். கேட்பது நம் குலத்துப் பெரியவர்களிடம் மட்டும் அன்று; நீராணிக்கம் பார்த்த குடும்பங்கள் இன்னும் இரண்டு மூன்று இப்பக்கத்தில் உள்ளன; அவர்கள் வீட்டுத் திண்ணைக்கு நாம் போய்க் கேட்க வேண்டும். அவர்களை இங்கே வரச்சொல்வது சரியாகாது.

வருகிற கோடையில் உய்யக்கொண்டானில் நீர் நிறுத்தும் தேதியை இலாகா அறிவித்தவுடன், அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, நம் ஊர்க் கிளை வாய்க்காலின் தலைமதகிலிருந்து கடைமடைவரை நடந்து பார்ப்பதாக எண்ணியிருக்கின்றோம். தூர் எங்கே அதிகம், கரை எங்கே மெலிந்தது என்று குறித்துக்கொண்டு, மறுவாரம் வேலை தொடங்கலாம். இன்றே பெயர் கொடுக்க விரும்புவோர், மண்டபத்து வாசலில் பதிவுப் புத்தகத்துடன் அமர்ந்திருக்கும் மாணவர்களிடம் கொடுக்கலாம். சங்கத்தில் மண்வெட்டி பன்னிரண்டுதான் இருக்கின்றன. வீட்டில் உள்ளவர்கள் கொண்டுவர வேண்டும்.